ஈரச் சாக்கு சுற்றிய கம்பங்கள்

1. அழைப்பு

மூன்று கம்பங்கள் சுருதி மாறாமல் ஊளையிடுகின்றன என்று கொல்லிமலைச் செம்மேட்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து சிற்பி மாதவன் பேசியபோது, நான் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் காதர் பாயின் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் ஓர் ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து வைத்திருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி ஆண்டுகள் அவை. டிப்ளமோ முடித்தபின் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது.

மாதவன் சென்னையிலிருந்து வந்தவர். கொல்லிமலையில் பொன்னாயி என்பவரின் தோட்டத்து மேட்டில் இடம் கேட்டு வாங்கி, எட்டு இரும்புக் கம்பங்களை நட்டு, அவற்றை மரங்கள் என்றே அழைத்தார். ஒவ்வொன்றிலும் காதுயரத்தில் ஒரு பெட்டி. அதனுள் காற்றின் ஈரத்தை அளக்கும் சென்சாரும் ஒலியெழுப்பும் ஆஸிலேட்டர் சர்க்யூட்டும் சிறு ஸ்பீக்கரும் இருந்தன. பனிமூட்டம் ஏறும்போது ஒலி உயரும். வெயில் வந்தால் தாழும். மலையை இயந்திரத்தின் வழியே கேட்க முடியுமா என்று பார்ப்பதே அவருடைய நோக்கம். சர்க்யூட்டுகளைச் செய்தவள் நான். அந்த வாரக் கடைசியில் பார்வையாளர்கள் வரவிருந்தார்கள்.

காதர் பாய் சிரித்தார். “காத்து பாடும்னு சொன்னாரு, இப்ப ஒப்பாரி வெக்குதுங்கறாரு. போயி என்னான்னு பாத்துட்டு வா கண்ணு.”

2. பழுது தேடுதல்

மலையேறிப் போய்ப் பார்த்தேன். பேட்டரி வோல்டேஜ் சரியாக இருந்தது. ஐ.சி.யை மாற்றினேன், ஒலி மாறவில்லை. அந்த மூன்று கம்பங்களில் மட்டும் பெட்டி வரை சாக்கு சுற்றியிருந்தது. அதையும் சிற்பியின் அலங்காரம் என்றே முதலில் எடுத்துக்கொண்டேன். கை பட்டபோதுதான் அது சொட்டச் சொட்ட நனைந்திருப்பது தெரிந்தது. சாக்கின் மேல் இளம் மிளகுக்கொடிகளை நாரால் கட்டியிருந்தார்கள். சென்சார் காற்றை விட்டுவிட்டுச் சாக்கின் ஈரத்தை அளந்துகொண்டிருந்தது.

கொடிகளை ஏற்றியவர் பொன்னாயி. கீழ்த்தோட்டத்தில் அவருடைய பழைய மிளகுக்கொடிக்கு வாடல் நோய் வந்திருந்தது. அதன் துண்டுகளில் முளைத்தவை இவை. நோய் படாத மேட்டு மண்ணில், கொடி பற்றி ஏறும்படி நின்றவை இந்தக் கம்பங்கள் மட்டுமே. வழவழப்பான இரும்பில் வேர் பிடிக்காது என்று சாக்கைச் சுற்றி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து வந்திருக்கிறார்.

மாதவன் பொன்னாயியிடம் கோபத்தை அடக்கிக்கொண்டுதான் பேசினார். இது கலைப்படைப்பு, பந்தல் அல்ல என்றார்.

“மரம்னு சொல்லித்தானுங்க எடம் கேட்டீங்க. மரத்த நட்டுப்போட்டுக் கொடி ஏத்தாம யாராச்சும் சும்மா உடுவாங்களா?”

“மரம் மாதிரிம்மா. மரம் இல்ல.”

“அப்ப அந்த மாதிரியவே கொஞ்ச நாளைக்குக் கொடியத் தாங்கச் சொல்லுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. மல்டிமீட்டரின் பக்கம் குனிந்துகொண்டேன். பெட்டிகளை இன்னும் மேலே ஏற்றலாம் என்று யோசனை சொன்னேன். கேட்பவர் காதை வைத்துக் கேட்கும் உயரம் வேண்டும் என்று மாதவன் மறுத்துவிட்டார்.

3. கட்டர்

என் பையிலிருந்த கட்டரை மாதவன் கேட்டார், கொடுத்தேன். முதல் கம்பத்தில் மேலே கட்டியிருந்த நாரை வெட்டி, சாக்கை மெல்ல விலக்கினார். கொடியின் கணுக்களிலிருந்து நூலிழை போன்ற வெள்ளை வேர்கள் சணலுக்குள் புகுந்திருந்தன. இழுத்த இழுப்பில் இரண்டு அறுந்தன. பொன்னாயி கொடி மடங்கிவிடாதபடி உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார்.

மாதவன் கையை நிறுத்தி, வேறு மரத்துக்கு மாற்ற முடியாதா என்று கேட்டார்.

“மழை நின்னுபோச்சுங்க. இப்பப் புடுங்கி வெச்சா புடிக்காது. தாய்க்கொடி தை மாசம் வரைக்கும் தாங்காதுங்க. அதுல மிச்சம் இருக்கறது இந்த மூணுதான்.”

மாதவன் அறுந்த இரண்டு வேர்களையும் குனிந்து பார்த்தார். பிறகு கட்டரை என்னிடம் நீட்டிவிட்டுச் சாக்கைத் தாமே திரும்பக் கட்டினார். அவர் போட்ட முடிச்சை அவிழ்த்து, பொன்னாயி சரியாகப் போட்டார்.

4. பிறகு நடந்தவை

பார்வையாளர் நாளன்று ஐந்து கம்பங்கள் பனிக்கேற்பச் சுருதி மாறின. மூன்று மாறவில்லை. ஒருவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இது ரிப்பேரா என்றார். “இல்ல, இதுக்கு வேற வேலை இருக்கு” என்றார் மாதவன். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை.

கோடையில் இரும்பு சுட்டு இரண்டு கொடிகள் கருகின. நிழல் விழும் பக்கத்தில் நின்றது மட்டும் தப்பியது. காட்சி முடிந்து, கம்பங்களை ஏற்றிப்போக லாரி வந்தபோது அந்தக் கம்பத்தை மட்டும் விட்டுவிடும்படி மாதவன் சொன்னார். அதன் சர்க்யூட்டை நானே கழற்றினேன். அடுத்த மழைக்கு அந்தக் கொடியிலிருந்து துண்டுகள் எடுத்து, புதிதாக வைத்த சில்வர் ஓக் மரங்களில் பொன்னாயி ஏற்றினார். தாய்க்கொடி அதற்குள் பட்டுப்போயிருந்தது.

இன்று என்னிடம் வேலை பழக வருகிறவர்களுக்கு இதைச் சொல்வதுண்டு. அந்த மூன்று சர்க்யூட்டுகளிலும் எந்தக் குறையும் இல்லை; தங்களைத் தொட்டுக்கொண்டிருந்ததை அவை சரியாகவே அளந்தன. ரீடிங் தவறாகத் தெரிந்தால் உடனே கருவியைத் திறக்காதீர்கள். அது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அங்கே ஓர் உயிர் பிடித்து நின்றால், அதை எடுப்பதற்கு முன் அதை வைத்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.