பாட்டில் கறுப்பதற்குள்

எனக்கு அவசரம் பிறவிக் குணம். உலையில் அரிசி வேகும்போதே தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்கெல்லாம் சொல்வேன், நான் மட்டும் கேட்கமாட்டேன். இந்த லட்சணத்தில் நான் பார்த்த வேலை, குடிதண்ணீரைச் சோதித்து நல்லது கெட்டது சொல்வது.

அறை திண்டிவனத்தில். வேலை மரக்காணம் தாண்டி ஒரு மீனவக் குப்பத்தில். எனக்குச் சொந்த ஊர் ஒலக்கூர் பக்கம். கேப்பையும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் தெரியும், கடல் தெரியாது. குப்பத்துக் கைப்பம்பில் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தியிருந்தோம். தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அது என் போனுக்குச் சொல்லிவிடும். கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதற்குத் தனியாக ஒரு கண்ணாடி பாட்டில். அதில் தண்ணீரைப் பிடித்து மூடி, ஒரு முழு நாள் வைக்க வேண்டும். கறுத்தால் தண்ணீரில் அசிங்கம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். பெட்டியும் பாட்டிலும் இரண்டும் சரியென்றால்தான் நான் போனில் பச்சையை அழுத்த வேண்டும். அழுத்தினால் குப்பத்தில் எல்லாருடைய போனுக்கும் என் குரல் போகும்: தண்ணி நல்லா இருக்கு, குடிக்கலாம். சிவப்பை அழுத்தினால், வேண்டாம்.

அந்தக் கார்த்திகையில் புயல் அடித்து, மழைத் தண்ணீர் வெள்ளமாகக் குப்பத்துக்குள் புகுந்து வடிந்தது. குடிக்க வரும் லாரித் தண்ணீர் மூன்று நாளாக வரவில்லை. நான் போய்ப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அறைக்குத் திரும்பினேன். மதியம் போன் வந்தது. பம்புக்குப் பொறுப்பாக இருந்த அக்கா. மீன் விற்கிறவர், குரல் கணீரென்று இருக்கும்.

"இன்னாம்மா பண்ற? தண்ணி இனிச்சிக்கினு கெடக்குது. உப்பே இல்ல. நீ பச்சை போடலன்னு ஒருத்தரும் கொடம் வைக்க மாட்டேங்குறாங்க."

"நாளைக்கு வரைக்கும் பொறுங்கக்கா. பாட்டில் பாக்கணும்."

"நாளைக்கா? நாக்கு வறண்டுபோய் உக்காந்துக்கினு இருக்கோம். என் பொண்ணு புள்ள பெத்து பத்து நாளாவுது. பேஜாரு பண்ணாதம்மா."

பெட்டியைப் பார்த்தேன். கோடையில் எல்லாம் எகிறி நிற்கும் உப்பு, அன்றைக்குத் தரைமட்டத்தில் இருந்தது. ஒரு வருடமாக நான் அனுப்பியதெல்லாம் பெரும்பாலும் சிவப்பு. முதல் தடவையாக நல்ல சேதி சொல்லப்போகிறேன் என்று உள்ளுக்குள் பெருமை வேறு. ஜன்னலில் பாட்டில் தெளிவாகத்தான் இருந்தது. பச்சையை அழுத்தினேன். அழுத்திவிட்டு ஒரு டீயும் குடித்தேன்.

காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஜன்னல் பக்கம் போனேன். பாட்டில் மை மாதிரி கறுத்திருந்தது.

பெட்டி பொய் சொல்லவில்லை. மழைத் தண்ணீர் இறங்கி உப்பைக் குறைத்திருந்தது. கூடவே கக்கூஸ் குழிகளையும் கழுவி உள்ளே கொண்டுபோயிருந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருக்கிறார்கள் என்றது. சிவப்பை அழுத்தினேன். ஒரு போனுக்கும் போய்ச் சேரவில்லை. புயலில் கரண்ட் போயிருந்த ஊரில் முந்தின நாள் மிச்சமிருந்த சார்ஜெல்லாம் என் பச்சையைக் கேட்டதோடு தீர்ந்திருந்தது.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மழைக்குப் பிறகு பம்பில் உப்பு போய் இனிப்புத் தண்ணீர் வந்தால், முதல் குடம் பிள்ளை பெற்றவள் வீட்டுக்கு. அதற்கப்புறம்தான் மற்றவர்கள் குடம் வைப்பார்கள். எவ்வளவு தாகத்திலும் யாரும் இதை மீறமாட்டார்கள். ஸ்கூட்டியைக் கிளப்பும்போதுதான் இது ஞாபகத்துக்கு வந்தது.

பிரம்மதேசம் வரைக்கும் ரோடு பரவாயில்லை. அதைத் தாண்டி ஓரிடத்தில் தண்ணீர் ரோட்டின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி நடுவில் நின்றுவிட்டது. இறங்கி, முழங்கால் தண்ணீரில் தள்ளினேன். சனியனே, ஒரு நாள் பொறுத்திருந்தால் என்ன என்று வாய்விட்டே திட்டிக்கொண்டு தள்ளினேன். எதிரே வந்த பால்காரர் வண்டியைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து, "சைலன்சர்ல தண்ணி பூந்திருக்கும்மா, செத்த நேரம் விடுங்க, ஸ்டார்ட் ஆயிடும்" என்றார். செத்த நேரம் விட என்னால் முடியவில்லை. உதைத்து உதைத்துக் கிளப்பினேன்.

போய்ச் சேர்ந்தபோது பம்பில் வரிசை நின்றது. யாரிடமும் பேசாமல் துப்பட்டாவை அவிழ்த்துப் பம்புக் கைப்பிடியைச் சுற்றிக் கட்டினேன். "குடிக்காதீங்க. நான் தப்பா சொல்லிட்டேன். புடிச்சி வச்சத எல்லாம் கொட்டிடுங்க" என்றேன். குடத்தோடு நின்றவர்கள் என்னையே பார்த்தார்கள். அக்கா எங்கே என்றேன். "அவங்க பொண்ணுக்கு விடியக்காலத்துல இருந்து வாந்தியும் பேதியும். வேன் வச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போயிருக்காங்க" என்றாள் ஒருத்தி.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் கண்ணை மூடிக் கிடந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இரண்டாவது பாட்டில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பால் சுரக்கவில்லை என்று நர்ஸ் சொன்னார். குழந்தை அக்காவின் மடியில் அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. பிழைத்துவிடுவாளா என்று நர்ஸைக் கேட்டேன். சாயங்காலம் வரைக்கும் பார்க்கணும் என்றார். அந்தச் சாயங்காலம் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

இருட்டும் நேரத்தில் அந்தப் பெண் கண் திறந்து குழந்தையைக் கேட்டாள். அக்காவின் காலடியில் உட்கார்ந்து, பாட்டில் கறுக்கிறதா என்று பார்க்காமலே பச்சை போட்டதைச் சொன்னேன். நாலு அறை அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்கா குழந்தையை மகள் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"பத்து மாசமும் இவளுக்குத் தண்ணிய காய்ச்சித்தாம்மா குடுத்தேன். ஒரு நாள் தவறல. நேத்து வெறகு ஈரம், ஆனாலும் எப்படியாவது மூட்டியிருப்பேன். நீ நல்ல தண்ணின்னு சொன்னியே, அதான் காய்ச்சல."