காராமணி வைத்த ஜப்பான் பன்

ஆறு மாதப் பயிற்சிக்கு ஜப்பான் போக விருப்பமா என்று கம்பெனியில் என்னைக் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அப்பா கேட்டவுடன் சரி என்றுவிட்டார். அம்மாதான் பிடி கொடுக்கவில்லை. யாரோ போனில் அவளுக்கு ஒரு வீடியோவைக் காட்டியிருந்தார்கள். அதில் ஒருவன் பச்சை மீனைத் துண்டு போட்டு அப்படியே வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

“மீனை வேக வைக்கத் தெரியாத ஊருல போயி இன்னாத்தடா துன்னுவே?”

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதன்பின் கல்லூரிக்கும், இப்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலைக்கும், அவள் கட்டிக் கொடுத்த டப்பாவோடுதான் போயிருக்கிறேன். அவள் சரி சொல்லாமல் பெயர் கொடுப்பதில்லை என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

போனில் தேடியதில் அந்த ஊர் பன் ஒன்றின் செய்முறை கிடைத்தது. சிவப்புப் பயறை வேக வைத்து மசித்து, இனிப்பு சேர்த்து, மாவுக்குள் வைத்துச் சுடுகிறார்கள். நம் பூரணம்தான். இதை அவள் ஒருமுறை தின்று பார்த்தால் போதும் என்று தோன்றியது. அந்தப் பயறு அம்பத்தூரில் கிடைக்காது. சிவப்புக் காராமணி கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பரணிலிருந்து ஓவனை இறக்கினேன். கம்பெனி ஆயுத பூஜைக் குலுக்கலில் விழுந்தது அது. இதுவரை பயன்படுத்தியதே இல்லை. உள்ளே அப்பளக் கட்டுகள் இருந்தன. அம்மா அதைத் துடைத்து, நெற்றியில் வைப்பதுபோல் மூன்று இடத்தில் குங்குமம் வைத்தாள்.

“மொத தபா எரிய வுடறோம். சாமிக்கு வெச்சிட்டுத்தான் வாயில வெக்கணும், ஆமா.”

காராமணி குக்கரில் வெந்துகொண்டிருந்தது. “வெல்லத்தை நான் போட்டுக்குறேம்மா. உன் கைக்கு அளவு தெரியாது” என்றேன். வெல்லத்தை உடைத்துக் கிண்ணத்தில் போட்டு மூடியும் வைத்தேன். அப்புறம்தான் ஈஸ்ட் வாங்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. பக்கத்துக் கடையில் இல்லை. முகப்பேர் வரை வண்டியில் போய் வந்தேன்.

திரும்பி வந்தபோது அம்மா எல்லாவற்றையும் மசித்து, எலுமிச்சை அளவு உருண்டைகளாக உருட்டித் தட்டில் வைத்திருந்தாள். உருண்டைகள் விரிசல் இல்லாமல் அழகாக இருந்தன. நான் மாவைப் பிசைந்து, உப்ப வைத்து, உருண்டைகளை உள்ளே வைத்து மூடினேன். மேலே எள் தூவினேன். ஓவனில் பின் வரிசையில் இருந்த பன்கள் மட்டும் கொஞ்சம் கருகின.

அம்மா முதல் தட்டை சாமி படத்தின் முன் வைத்துக் கற்பூரம் காட்டினாள். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்தோம். அப்பா முதலில் கடித்தார்.

“இன்னாமே இது, சாமிக்கே சக்கர வியாதின்னு நெனச்சிக்கினியா?”

அம்மா தன் பன்னை முழுவதும் தின்று, தண்ணீர் குடித்தாள்.

“அங்க இப்புடித்தான் இருக்குதாடா? உப்பும் இல்ல, சக்கரையும் இல்ல. இத்தையா ஆறு மாசம் துன்னப்போறே?”

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். கிண்ணத்தில் வெல்லம் அப்படியே இருந்தது.

“நான் போடலம்மா. நீ உருட்டி வெச்சதைப் பாத்து, நீயே போட்டுட்டேன்னு நெனச்சேன்.”

“நீ போட்டுட்டுப் போனேன்னு நான் நெனச்சேன்டா!”

“வாயில வெச்சிப் பாக்கக் கூடாதா?”

“சாமிக்கு வெக்காம எப்புட்றா பாப்பேன்? அறிவு கெட்டவனே!”

அப்பா சிரித்துக்கொண்டே இன்னொரு பன்னை எடுத்து, ஒரு வெல்லக் கட்டியைக் கடித்துக்கொண்டார். அம்மா மீதி பன்களைப் பிட்டு, உள்ளிருந்ததை வாணலியில் வழித்துப் போட்டாள். வெல்லத்தைக் கொட்டிக் கிளறத் தொடங்கினாள். வாணலியில் இருந்தது இளகி, பிறகு சுருண்டு வந்தது.

“இன்னும் ரெண்டு கிளறு இவன கிளற வுடு” என்றார் அப்பா. “கத்துக்கட்டும்.”

அவள் கரண்டியை என்னிடம் கொடுத்தாள்.

“அங்க ஒண்டியா ஆக்கும்போது சாமி, பூதம்னு பாத்துகினு நிக்காத. மொதல்ல நாக்குல வெச்சிப் பாரு. அப்புறம் எறக்கு. இன்னா?”

“சரிம்மா” என்றேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பெயரைக் கொடுத்தேன்.