பீச்சாங்கைச் சாப்பாடு

எங்கள் பக்கத்தில் வலது கைக்குச் சோத்தாங்கை என்று பெயர், இடது கைக்குப் பீச்சாங்கை. ஒன்று சாப்பிட, இன்னொன்று கழுவ. நானோ பிறவியிலேயே இடக்கைக்காரி. வல்லத்திலிருந்து திண்டிவனத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அன்றே மாமியாருக்கு இடது கையால் தண்ணீர்ச் சொம்பை நீட்டிவிட்டேன். "இன்னாடி பழக்கம் இது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து சாப்பிடுவதும் பரிமாறுவதும் வலது கையால்தான். எரிச்சல் வராமலா இருக்கும்? ஆனால் நான் வேலைக்குப் போக, என் பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்த்ததும் அதே அத்தைதான். அதை மறந்தால் நான் மனுஷியே இல்லை.

போன வருஷம் அவருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் ஸ்பூனை இடது கையில் பிடித்து ஊட்டினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர், வானூரில் கட்டட வேலை செய்யும் வடநாட்டுக்காரர். அவர் மனைவி என் கையைப் பார்த்து "உல்டா ஹாத்" என்று சிரித்தாள். தலைகீழ்க் கையாம்! இங்கிலீஷில் வலதுக்கும் சரி என்பதற்கும் ஒரே வார்த்தை என்கிறாள் என் மகள். எந்த பாஷைக்குப் போனாலும் என் கைக்குத் திட்டுதான்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை வாயைத் திறக்க மறுத்துவிட்டார். ஊட்டிவிட்டால் மானம் போகிறதாம். இடது கையால் சாப்பிடுவதற்குப் பட்டினியே மேலாம். ஆள் பாதியாகிவிட்டார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஒரு மத்தியானம் என் பொறுமை போய்விட்டது. தட்டை அவர் இடது பக்கம் தள்ளினேன்.

"கழுவுற கையால சோத்தத் தொடச் சொல்றியாடி?"

"உங்களுக்குக் கழுவி விடுறது நான்தானேங்க அத்த? உங்க பீச்சாங்கைக்கு இப்ப இன்னா வேல? சும்மாதானே கெடக்குது!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அத்தை என்னை முறைத்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் ஒரு தட்டோடு எதிரில் உட்கார்ந்து, அந்த வீட்டில் முதல்முறையாக அவர் கண்ணெதிரிலேயே இடது கையால் பிசைந்தேன்.

"எப்டிடி சிந்தாம எடுக்குற?" என்றார். விரலை மடக்கிக் காட்டினேன். அத்தையும் இடது கையால் அள்ளினார். பாதி கீழே போனது, பாதி வாய்க்குள் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சாமிக்கு நன்றி சொல்வதா, என் கைக்குச் சொல்வதா என்று தெரியவில்லை.

பொங்கலுக்கு நாத்தனார் வந்தார். அம்மா சாப்பிடுவதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இன்னாம்மா இது, பீச்சாங்கையால... பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

அத்தை பிசைவதை நிறுத்தவில்லை.

"இவ மட்டும் இல்லன்னா, இன்னிக்கு நீங்கல்லாம் என் போட்டோவுக்கு முன்னால படையல் போட்டுக்கினு இருப்பீங்க. பேசாம குந்தி சாப்புடு."