சத்தத்தை அடைத்தவர்

சங்கரன்கோவிலில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர், வந்த வாரமே தன் பழைய காரின் சீட்டுகளைக் கழற்றிப் போட்டார். சத்தத்தை அடக்கும் கறுப்பு ஷீட்டைக் காரின் அடித்தகட்டில் ஒட்டி, உருளையால் அழுத்தினார். ஒட்டிய இடத்தை விரலால் தட்டிக் கேட்பார். திருப்தியில்லாமல் பிய்த்து மறுபடி ஒட்டுவார். ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை.

"பாட்டு கேக்கவா அண்ணாச்சி இவ்வளவு பாடு?" என்றேன்.

"வீட்டுக்காரியப் பின்சீட்டுல படுக்கவச்சு வாராவாரம் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போறேன். வலிக்குன்னு சொல்ல மாட்டா, முனகத்தான் செய்வா. வண்டி இரைச்சல்ல அது கேக்க மாட்டேங்கு."

நான் கூசிப்போனேன்.

மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வந்தவரிடம், முனகல் கேட்டதா என்று விசாரித்தேன்.

"கேட்டுச்சு. வழியில பனவடலிசத்திரத்துல வண்டிய நிறுத்திட்டு அவ கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்" என்றார்.

அவர் முகத்தில் இருந்தது நிம்மதியா, வேதனையா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.