வண்டியை நேராகப் பிடிக்க ஓர் ஆள்

என் வண்டிக்கு சென்டர் ஸ்டாண்டு கிடையாது. அதனால் எஞ்சின் ஆயில் மாற்ற இரண்டு பேர் வேண்டும். பழையதை இறக்குவதும் புதியதை ஊற்றுவதும் ஒருவரே செய்துகொள்ளலாம். அளவு பார்ப்பதுதான் முடியாது. எஞ்சினின் வலப்பக்கம் ஒரு சிறு வட்டக் கண்ணாடி உண்டு. அதிலுள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் நிற்கவேண்டும். வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் கண்ணாடி தப்பாகக் காட்டும்.

வண்டி வாங்கியது முதல் அந்த இரண்டாம் ஆள் என் தம்பி. ஓசூரில் கம்பெனி வேலை. ஞாயிறுதோறும் வீட்டுக்கு வருவான். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். ஆயிலை இறக்குமுன் எஞ்சினை மூன்று நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குவேன். நின்ற இடத்திலேயே வண்டி ஓடும் சத்தம் கேட்டால் அவன் சுவரைத் தாண்டி வந்துவிடுவான். சீட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் ஊன்றி வண்டியை நிமிர்த்துவான். நான் தரையோடு தரையாகக் குனிந்து பார்ப்பேன்.

"எவ்ளோ நேரம்ண்ணா பாப்ப? பொண்ணு பாக்கப் போனப்பக்கூட இவ்ளோ நேரம் பாக்கல நீ."

"ஆடாம இருடா. கோடு தெரியல."

ஆயில் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் அன்றே டைரியில் எழுதிவிடுவேன். மழை பெய்த நாள், கரண்டு போன நேரம், படித்து முடித்த புத்தகம் என்று எல்லாவற்றையும் எழுதும் பழக்கம் கல்லூரி நாட்களிலிருந்து இருக்கிறது. அம்மா என் வீட்டில் படுக்கையாகக் கிடந்த ஒன்றரை வருடமும் அதில் நாள்வாரியாக இருக்கிறது.

அம்மாவின் காரியம் முடிந்து, நிலத்தைப் பாகம் பிரிக்க உறவினர்கள் கூடினார்கள். "ரெண்டு பேருமே அம்மாள நல்லா பாத்துக்கிட்டீங்க, சரிபாதியா எடுத்துக்குங்க" என்றார் தாய்மாமன். அது எனக்குப் பிழையான தகவலாகப் பட்டது. உள்ளே போய் டைரிகளை எடுத்துவந்து, தம்பி வராத ஞாயிற்றுக்கிழமைகளை எல்லோர் முன்னாலும் தேதி தேதியாகப் படித்தேன். சத்தியமாக நிலத்துக்காக இல்லை. நடந்தது நடந்தபடி சொல்லப்படவேண்டும் என்றுதான் நினைத்தேன்.

அவன் கடைசிவரை கேட்டான்.

"தேதியெல்லாம் செரிதாண்ணா. அன்னிக்கெல்லாம் ஓவர்டைம் பாத்துத்தான் அம்மாளுக்கு வாட்டர் பெட்டு வாங்கியாந்தேன். அது எழுதியிருக்குதா?"

எழுதியிருந்தேன். வாட்டர் பெட் வந்த தேதி இருந்தது. யார் வாங்கியது என்று இல்லை.

அன்றோடு பேச்சு நின்றது. அடுத்த முறை ஆயிலை மெக்கானிக் கடையில் மாற்றினேன். அதற்கடுத்த முறை, போன மாதம், வேண்டுமென்றே ஞாயிறு காலையில் வாசலில் வைத்து மாற்றத் தொடங்கினேன். மூன்று நிமிடம் போதும். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடவிட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் கேட் திறந்தது. தம்பி தன் வண்டியைக் கிளப்பாமலே தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினான். என் பக்கம் திரும்பவில்லை. தெருமுனை வரைக்கும் தள்ளிப்போய், அங்கே கிளப்பினான்.

நான் எஞ்சினை நிறுத்தினேன். அடிப்பக்க போல்ட்டைக் கழற்ற, பழைய ஆயில் கீழே வைத்த பேசினில் இறங்கி முடிந்தது. போல்ட்டை முடுக்கிப் புது ஆயிலை ஊற்றினேன். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஒரு கையால் வண்டியை நிமிர்த்திக் குனிந்தேன். கண்ணாடி கண்ணுக்கு எட்டவில்லை. இன்னும் குனிந்தபோது வண்டி என்மேல் சாய்ந்தது.

"இருங்க மாமா, நான் புடிக்கிறேன்."

தம்பியின் மனைவி. சுவரைச் சுற்றித் தெருவழியாக வந்திருந்தாள். இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பற்றி வண்டியை நிமிர்த்தினாள்.

"அவருதானுங்க சொன்னாரு. 'அண்ணன் தனியா முடியாம நிக்கும், நீ போய்ப் புடி'ன்னாரு. நீங்களே போங்கன்னேன். 'என்னால முடியாது'ன்னுட்டு வண்டியத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாருங்க."

குனிந்து பார்த்தேன். ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவே நின்றது.

"செரியா இருக்குதுங்களா மாமா?"

"இருக்குதும்மா."

வண்டியை ஸ்டாண்டில் சாய்த்துவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டாள். என்னிடம் அன்பாகத்தான் சொன்னாள்:

"அடுத்த தடவையும் கூப்புடுங்க. நானே வந்து புடிக்கிறேனுங்க."