வெட்டிக் காட்டிய வாழை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நீர்வேலியில் குத்தகைக் காணி நாலு பரப்பில் தொடங்கினேன். இன்று என் பெயரிலேயே முப்பது பரப்பு வாழை நிற்கிறது. நல்ல கதலிக்குலை வேண்டுமென்றால் என்னைத் தேடித்தான் வருவார்கள். இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

ஒரு தொண்டு நிறுவனம் வாழைக்காரருக்கென்று வட்ஸ்அப் குழு தொடங்கியபோது முதலில் சேர்த்ததும் என்னைத்தான். ஒரு தோட்டக்காரன் கண்டதை இன்னொருவனுக்குச் சொல்ல வேண்டும், அதிகாரி வந்து படிப்பிக்கத் தேவையில்லை என்பது ஏற்பாடு. அவர்களுடைய பேஸ்புக் பக்கத்தில் குலையைத் தோளில் சுமந்தபடி என் படம். கீழே, ‘முன்மாதிரி விவசாயி’. கனடாவிலிருந்தெல்லாம் விருப்பம் போட்டார்கள்.

குழுவில் என்ன நடந்தது? காலையில் பிள்ளையார் படம், பின்னேரம் முருகன் படம். நல்ல குலையைப் போட்டால் நாவூறு கண்ணூறு படும். நோய் மரத்தைப் போட்டால் மானம் போகும். ஆகவே எல்லோரும் சாமியைப் போட்டோம்.

அப்போதுதான் என் மேற்கு வரிசைக் கதலியில் இலைகள் விளிம்பிலிருந்து மஞ்சளாகி மடிந்து தொங்கின. ஒன்றின் தண்டை வெட்டிப் பார்த்தேன். உள்ளே கபிலநிறக் கோடுகள். வாடல் நோய். ஒருவருக்கும் சொல்லாமல் அந்த மரங்களைச் சுற்றித் தென்னோலைக் கிடுகு கட்டி மறைத்தேன். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், அப்படியே விட்டேன்.

அதே வரிசையிலிருந்துதான் நோய் தெரிவதற்கு முன்னர் ஒரு பெண்ணுக்கு நாற்பது வாழைக்குட்டி கிளப்பிக் கொடுத்திருந்தேன். புருசன் இல்லாமல் தனியே தோட்டம் செய்கிறவள். அவளும் குழுவில் இருந்தாள். ஒரு காலை அவளுடைய குரல் வந்தது.

“அண்ணை, நீங்கள் தந்த குட்டியளிலை சிலது மஞ்சளடிக்குது. தண்ணி காணாதோ?”

நான் வாய் திறக்க முதல் வேறொருவன் பதில் போட்டான்: “ஓம் தங்கச்சி, நல்லாய்த் தண்ணியை விடு.”

தண்ணீரோடுதான் அந்த நோய் ஒரு வாழை நட்ட கிடங்கிலிருந்து அடுத்த கிடங்குக்கு ஓடும். கிடுகைப் பிடுங்கி எறிந்தேன். ஒரு மரத்தை எல்லோரும் பார்க்க வெட்டிப் பிளந்து, போனில் வீடியோ பிடித்தபடி கதைத்துக் குழுவில் போட்டேன்.

“இது என்ரை தோட்டம். வாடல். மூண்டு கிழமையாய்க் கிடுகு கட்டி மறைச்சு வைச்சிருந்தனான். தங்கச்சி, தண்ணியை உடனை நிப்பாட்டு. மஞ்சளடிச்சதைக் கிளப்பி எரி. மண்வெட்டியைக் கழுவாமல் மற்றக் கிடங்கிலை வைக்காதை.”

“முன்மாதிரி அண்ணை, இப்ப என்ன மாதிரி?” என்று ஒருவன் பகிடி விட்டான். சிரிக்கட்டும்.

தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிற பிள்ளை எனக்குப் போன் எடுத்தாள்.

“ஐயா, உந்த வீடியோவை அழிச்சுவிடுங்கோ. உங்களை எவ்வளவு பெரிசாய்ப் போட்டிருக்கிறம்!”

“அப்ப அந்தப் படத்தைக் கழட்டு பிள்ளை. இதை அழிக்கமாட்டன்.”

“மேலிடத்திலை கேப்பினம் ஐயா.”

“கேக்கிறவையை என்ரை தோட்டத்துக்கு அனுப்பு. வெட்டிக் காட்டுறன்.”

பொழுதுபடுவதற்குள் ஒன்பது பேர் தங்கள் மரங்களை வெட்டிப் படம் போட்டார்கள். அளவெட்டி ஊர்க்காரர் ஒருவர், நோய் மரம் வெட்டிய கத்தியை நெருப்பில் காட்டாமல் நல்ல மரத்தில் வைப்பதில்லை என்றார். எனக்கே தெரியாத விசயம். அன்று சாமி படம் ஒன்றும் வரவில்லை.

பேஸ்புக்கில் என் படம் இப்போது இல்லை. இல்லாவிட்டால் என்ன? முதலில் வெட்டிக் காட்டியவன் நான்தான்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் குழுவில் சொன்னாள்: “பத்துக் கிடங்கு எரிச்சுப்போட்டன். மிச்சம் நிக்குது. மூண்டு கிழமைக்கு முதல் சொல்லியிருந்தால் அந்தப் பத்தும் நிண்டிருக்கும், அண்ணை.”

அதுவும் எல்லோரும் கேட்கக் குழுவில் கிடக்கிறது. அழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.