பின்பக்கம் இல்லாத பேரரசர்

நாடகக் கம்பெனியின் தையல் மாஸ்டருக்கு உலக சரித்திரம் அத்துப்படி. மழைக்கு ஒதுங்கிய நாட்களையும் சேர்த்தால்தான் அவர் பள்ளிக்கூடத்தில் இருந்தது இரண்டு வருஷம் தேறும். ஆனால் முப்பது வருஷமாகப் பல தேசத்து ராஜாக்களுக்கும் அளவெடுத்தவர். சட்டைக் கை விரலை மூடினால் அந்த நாட்டுப் பெரிய மனிதர்கள் வேலை செய்வதை நிறுத்திவிட்டார்கள். கழுத்துப்பட்டை காதைத் தொட்டால் ஆட்சி கவிழப்போகிறது. முதுகில் பொத்தான் வைத்தவள் ராணி, முன்னால் வைத்தவள் அதைப் போட்டுவிடும் பணிப்பெண். இதற்கெல்லாம் எதற்குப் புத்தகம் என்பார். ஏழைகளுக்கு மட்டும் எந்த தேசமானாலும் அதே மாவு மூட்டைத் துணிதான். கொட்டகையில் இதுவரை ஒருவரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

நாலு மாதம் முன்பு பேத்தி பிறந்தாள். அதிலிருந்து அளவு கொடுக்க வருகிறவர்கள் யாரும் அவள் தும்மிய கதையைக் கேட்காமல் கையைத் தூக்க முடியாது. அந்த மயக்கத்தில்தான் மாஸ்டர் பேரரசரின் சிவப்பு வெல்வெட் அங்கியில் கத்தரி வைத்தார். அந்த நாடகத்தில் பேரரசர் திரை விலகும்போதே சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பார், அதிலேயே செத்தும் போவார். உட்கார்ந்தே சாகிறவனுக்குப் பின்பக்கத்தில் வெல்வெட் எதற்கு? இரண்டு சாண் வெட்டி எடுத்து, அந்த இடத்தில் மூட்டைத் துணியை ஒட்டுப் போட்டார். 'நிகர எடை 50 கிலோ' என்ற அச்சு சரியாக நடுவில் வந்து உட்கார்ந்தது. வெட்டிய வெல்வெட்டில் தைத்த புது கவுனில் பேத்தி சாட்சாத் மகாராணி. போட்ட உடனே பாலைக் கக்கினாள்.

கம்பெனித் துணியைத் தொட்டால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார் முதலாளி. முன்பிருந்த தையல்காரர் ஒரு கைக்குட்டை அளவுத் துணிக்காகப் போனவர்.

ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டத்தில் ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். இடைவேளையில் முதலாளி முடிவை மாற்றினார். ராஜா சாக வேண்டாம், போரில் தோற்று மேடையைக் கடந்து ஓடட்டும் என்றார். ஓடினால் ஒட்டு வெளியே தெரியும். நாற்காலியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ராஜா வேஷக்காரரிடம் மாஸ்டர் ஓடினார்.

"ஐயா, இந்த ராஜா திரும்பி ஓடினவரு இல்ல. எதிரியப் பாத்தபடியே பின்னாடி நடந்து போனவரு."

"நெஜமாவா? எவ்வளவு தூரம்?"

"பன்னண்டு மைல்."

"நடுவுல ஆறு இருக்கே மாஸ்டர்?"

"அப்போ கோடை. தண்ணி இல்ல."

ராஜாவுக்குப் பிடித்துப்போயிற்று. கடைசிக் காட்சியில் எழுந்தார், எதிரியை முறைத்தார், அடிமேல் அடி வைத்துப் பின்னோக்கி நடந்தார். திரைமறைவிலிருந்து மாஸ்டர் வழி சொல்லிக்கொண்டே இருந்தார். பின்வரிசைப் படைவீரன் ஒருவன் மட்டும் எடையைப் படித்துவிட்டான். அவன் தோள் குலுங்கியதை ஜனங்கள் அழுகை என்று நினைத்தார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா மூக்கைச் சிந்தினார். பிறகு கொட்டகையே எழுந்து நின்று கைதட்டியது.

அங்கியைக் கழற்றி மடித்து மாஸ்டர் கக்கத்தில் இடுக்கும்போது முதலாளி வந்தார். கூடவே ஒரு சரித்திரப் பேராசிரியர்.

"ராஜா பன்னண்டு மைல் பின்னாடியே நடந்தாருன்னு சொன்னீங்களாமே, இது எந்தப் புத்தகத்துல இருக்கு மாஸ்டர்?" என்றார் முதலாளி.

மாஸ்டர் அங்கியை இன்னும் இறுக்கிக்கொண்டார். பேராசிரியர் முந்திக்கொண்டார். "ஏன் இல்ல? நானே காலேஜுல பாடம் எடுத்திருக்கேன். ஒரு சின்னத் திருத்தம். பன்னண்டு இல்ல, பதினாலு மைல்."

இனிமேல் நம் கம்பெனியில் எந்த ராஜா தோற்றாலும் இப்படித்தான் போக வேண்டும் என்று முதலாளி அங்கேயே உத்தரவு போட்டார்.

வேலை தப்பியது. ஆனால் மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு மனைவியிடம் புலம்பினார். "நான் வாய்க்கு வந்ததச் சொன்னேன். அது நெஜமாவே நடந்திருக்காம். எப்படி?"

மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "ஏன் நடக்காது? அந்த ராஜாவுக்கும் ஒரு தையல்காரன் இருந்திருப்பான். அந்த மனுஷனுக்கும் புதுசா பேத்தி பொறந்திருக்கும்."